ஜெனோவாவின் நாற்காலி

ஜெனோவா விழுந்ததை நாடே பார்த்தது. அவள் எழுந்திருக்காததை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் பற்பசை விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அரையிறுதி ஆட்டம் அது. நெல்லை வேங்கைகள் பெண்கள் அணிக்காக ஜெனோவா ரெய்டு போனாள். எதிரணியில் இரண்டு பேரைத் தொட்டாள், சிரித்தாள், திரும்பினாள். நடுக்கோட்டுக்கு ஓர் அடி இருக்கும்போது இடது கால் வரவில்லை. தடுக்கி விழுகிறவள் கையையாவது நீட்டுவாள். நீட்டியிருந்தால் கோட்டைத் தொட்டிருப்பாள். ஜெனோவா அதைச் செய்யாமல் தன் காலைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன பையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதற்குள் ஐந்து பேர் அவள் மேல் விழுந்து அமுக்கிவிட்டார்கள்.

வர்ணனை செய்தவர்கள் தசைப்பிடிப்பு என்றார்கள். தசைப்பிடிப்பாம்! தசைப்பிடிப்பு என்றால் வலிக்கும், ஊரைக் கூட்டிக் கத்தலாம். ஜெனோவா கத்தவே இல்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போன சுடலைக்கனிக்கு அதுதான் உறுத்தியது. கனி அந்த அணியில், ரெய்டு வருகிறவளைப் பிடிக்கிற இடது மூலைக்காரி. ஐந்து வருடமாக ஜெனோவா பாடிப்போவதும் கனி கணுக்காலைப் பிடிப்பதுமாக இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி, ஒரே சோப்பில் குளித்தவர்கள்.

அணி ஜெயித்துவிட்டது. ஜெனோவாவின் கால் மட்டும் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கனி நேரே அணி டாக்டர் ஷர்மிளாவின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தாள்.

"டாக்டரம்மா, சுத்தி வளைக்காதிய. அவ காலுக்கு என்னாச்சு?"

ஷர்மிளா சென்னைக்காரர். நாற்பது வயதிருக்கும். வலது கையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கையுறை. கேட்டால் அலர்ஜி என்பார். அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பிறகு ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் குந்தி, இடது கையால் கோணல்மாணலாக ஏதோ வரைந்தார். பார்க்க, வேரோடு பிடுங்கிப் போட்ட கீரைத்தண்டு மாதிரி இருந்தது.

"இது ஒரு நரம்பு செல், கனி. இந்தத் தலைப் பக்கம் கிளை கிளையா இருக்கு பாருங்க, சேதி வாங்குறது இதுங்கதான். அப்புறம் ஒரே ஒரு நீள இழை. தலை இருக்கிறது உங்க முதுகுத்தண்டுல. இழையோட நுனி இருக்கிறது பாதத்துல. நடுவுல ஒட்டே கிடையாது."

"மூணு அடிக்கு ஒரே செல்லா?"

"ஒரே செல்தான். நுனிக்குச் சேதி வந்ததும் ஒரு துளி ரசாயனத்தைக் கக்கும். அது பட்டாத்தான் தசை சுருங்கும், கால் எழும்பும்."

"சேதின்னா? கரண்டா?"

"கரண்ட்தான், ஆனா கம்பில ஓடுற மாதிரி இல்ல. உப்பால ஓடுற கரண்ட். இழைக்கு வெளியில சோடியம் நிறைய இருக்கு. இழையோட தோல்ல சின்னச் சின்னக் கதவு. ஒண்ணு திறந்தா சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் அடுத்த கதவைத் திறக்கும். அப்படியே கால் வரைக்கும் போகும்."

கனியின் அம்மா தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் பாத்தி மிதித்தே பாதம் வெடித்துப்போனவள். கனிக்கு இதைப் புரிந்துகொள்ளப் படம் வேண்டியிருக்கவில்லை. "அளத்துல மடைய வெட்டி விடுத மாதிரி. ஒரு பாத்தி ரொம்பி அடுத்த பாத்திக்கு."

"கிட்டத்தட்ட அதேதான். ஆனா இழை முழுக்கக் கதவா இருந்தா சேதி ஊர்ந்துதான் போகும். அதனால நம்ம உடம்பே இழை மேல கொழுப்பு உறை சுத்தி வச்சிருக்கு. ஒரு உறைக்கும் அடுத்த உறைக்கும் நடுவுல குட்டியா ஒரு இடைவெளி. கதவெல்லாம் அந்த இடைவெளிலதான். சேதி ஒரு இடைவெளிலேர்ந்து அடுத்ததுக்குக் குதிச்சுக் குதிச்சு ஓடிடும்."

"எங்களுக்கு நீங்க போட்டது?"

ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்களுக்குப் போட்டது துரித உறை. லீக்கை நடத்துகிற துரிதம் கம்பெனியின் சரக்கு. மூன்று வருடத்துக்கு முன் வந்தது. இயற்கை உறைக்கு மேல் இன்னோர் உறை, இரண்டு மடங்கு வேகம். போட்டுக்கொள்கிறவளுக்குத்தான் அணியில் இடம், மாட்டேன் என்கிறவளுக்கு ஊருக்குப் பஸ். மூளை நினைப்பதற்கும் கால் போவதற்கும் நடுவில் மிச்சமாகிற அந்தத் துளி நேரம்தான் பிடியில் சிக்குவதற்கும் நழுவுவதற்கும் உள்ள வித்தியாசம். எட்டு அணியிலும் எல்லாப் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். கனியும் போட்டாள்.

"அந்த உறைக்கு உயிர் இருக்கு, கனி. வளரும். வளர்ந்து வளர்ந்து இடைவெளியை மூடப் பார்க்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா உங்களுக்கெல்லாம் ஊசி போடறோமே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"சத்து ஊசின்னியளே."

"இடைவெளியை மூடாம வைக்கிற ஊசி அது."

"ஜெனோவாவுக்கு ஏன் போடல?"

"போலீஸ் வேலைக்குப் போறேன், அடுத்த சீசன் ஆட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க இல்லையா? ஒப்பந்தம் முடியுதுன்னா ஊசியும் முடியுது. மேலிடத்து உத்தரவு."

"அப்போ மடையில மண்ணப் போட்டு அடைச்சிட்டு, பாத்தி காயுதேன்னு கமெண்ட்ரி சொல்லுதிய. இந்த எழவு உறைய வளராமச் செய்ய முடியாதா?"

"முதல்ல செஞ்ச உறை வளராது," என்றார் ஷர்மிளா, குரல் இறங்கி. "அதை விக்கல. ஒருக்காப் போட்டுட்டா அப்புறம் யாரும் கம்பெனியைத் தேடி வரமாட்டாங்களே."

கனி தரையில் இருந்த கீரைத்தண்டைப் பார்த்தாள். கட்டுவிரியன்கூடக் கடித்துவிட்டுப் போய்விடும். இவர்கள் கடித்துவிட்டு, விஷமுறிவை மாதக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.

"இப்பப் போட்டா நடப்பாளா?"

"இந்த வாரத்துக்குள்ள போட்டா நடப்பாங்க. தள்ளிப்போச்சுன்னா இழை பட்டுப்போயிடும். அடுத்து வலது கால்."

"ஊசி அந்த ஃபிரிட்ஜுலதானே இருக்கு? சாவி ஒங்ககிட்டதானே?"

"என்னால முடியாது, கனி."

"ஏன் முடியாது? ஒரு பொம்பளப்புள்ள கால் செத்துக்கிட்டிருக்கு, நீங்க படம் போட்டுப் பாடம் நடத்துதியளோ? இவ்ளோ படிச்சு என்னத்துக்கு? படிச்ச கோழ!"

ஷர்மிளா எழுந்திருக்க வலது கையை ஊன்றப் போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு இடது கையை ஊன்றி எழுந்தார். சாக்பீஸ் உருண்டு கனியின் காலடிக்கு வந்தது. கனி அதை எடுத்துக்கூடக் கொடுக்காமல் வெளியே போனாள்.

துரிதம் கம்பெனி மேனேஜர் ரகுநந்தன் அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. மேஜை மேல் புதுப் பனியன்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். நெஞ்சில் ஜெனோவாவின் சிரித்த முகம், கீழே 'ஜெனோவாவுக்காக ஜெயிப்போம்'. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கனி கேள்விப்பட்டிருக்கிறாள். தொட்டிலில் பிள்ளையின் படத்தைப் போட்டு விற்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறாள்.

"வாம்மா கனி. காபி சாப்பிடறியா?"

"ஊசியக் குடுங்க, சார். சாப்பிடுதேன்."

ரகுநந்தன் கோபப்படுகிற ஆளில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனுஷன் என்று நினைத்திருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "உணர்ச்சிவசப்படாம கேளு. உறை எங்க சொத்து. ஊசியும் எங்க சொத்து. கால் அவங்களோடது, அதுல நாங்க தலையிட முடியாது."

"என்னது?"

"ஒப்பந்தத்துல அப்படித்தாம்மா இருக்கு. ஞாயித்துக்கிழமை ஃபைனல். ஜெயிச்சுக் குடுங்க. அப்புறம் போர்டுல கருணை அடிப்படையில பேசிப் பார்க்கலாம். உங்களையெல்லாம் ஆளாக்கினது யாரு? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்."

"உப்ப வெளைய வச்சதே எங்க அம்மாதான், சார். எங்க நரம்புல ஓடுததும் அந்த உப்புதான். நீங்க போட்டது மேல ஒரு கவரு."

அவர் சிரித்தார். "உனக்கும் ஃபைனல் முடிஞ்ச வாரம் ஊசி இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

கனி மேஜையை ஓங்கி அறைந்தாள். அவர் குடித்துக்கொண்டிருந்த காபி சிந்தி ஜெனோவாவின் பனியன் முகத்தில் வழிந்தது. அதைக்கூட அந்த ஆள் டிஷ்யூ வைத்துப் பொறுமையாக ஒற்றினான்.

அறைக்குத் திரும்பியபோது ஜெனோவா கட்டிலில் காலை நீட்டிப்போட்டு, கட்டைவிரலையே முறைத்துக்கொண்டிருந்தாள். மணப்பாட்டுக் கடற்கரைக்காரி. வாய்க்குப் பஞ்சமே கிடையாது.

"ஏட்டி, காலையிலேர்ந்து இந்த வெரலக் கூப்புடுதேன், அசைய மாட்டேங்குது. எங்கப்பன் குடிச்சிட்டு மட்டையாக் கெடந்தாக்கூட இத்தன தடவ கூப்புட்டா ஒரு கண்ணத் தெறந்து பாப்பாரு."

கனி கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜெனோவாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. போலீஸ் வேலைக்கு ஓடிக் காட்ட வேண்டும், அடுத்த மாதம். "நடந்தாப் போதும்டி எனக்கு," என்று போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள் அவள் தோள் குலுங்கியது. கனிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில், இறுதி ஆட்டத்தில் எதிரே ஆடப்போகிற கொங்கு அணித் தலைவி தீபஜோதி தனியாக இட்லி தின்றுகொண்டிருந்தாள். கனி தட்டோடு போய் எதிரில் உட்கார்ந்தாள். போன வருடம் தீபஜோதியின் கணுக்காலைக் கனி பிடித்த பிடியில் அவள் மூன்று வாரம் நொண்டினாள். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"எந்திரிச்சுப் போங்க," என்றாள் தீபஜோதி. "இன்னும் எனக்கு அந்தக் கால் வலிக்குதுங்."

"வலிக்குதுல்லா? சந்தோசப்படு. சேதி ஒழுங்காப் போவுதுன்னு அர்த்தம்."

கனி தட்டில் சாம்பாரைத் தொட்டு விரலால் அதே கீரைத்தண்டை வரைந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். என்ன செய்யலாம் என்றும் சொன்னாள். தீபஜோதி இட்லியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ற ஊட்ல என்னைய நம்பி நாலு பேர் இருக்காங்க. ஊசிய நிறுத்திப்போட்டா நான் என்னங்க பண்றது?"

"என்னைக்காவது ஆட்டத்த விடத்தானே போற? அன்னைக்கு நிப்பாட்டத்தான் போறான். அன்னைக்கும் இதே கேள்வியத்தான் கேப்ப. கேக்க நான்கூட இருக்க மாட்டேன்."

"தெரியலைங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலை." தீபஜோதி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கனியின் அணியில் மற்ற ஆறு பேரும் கேட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. கால் யாருக்குத்தான் வேண்டாம்?

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆடுகளத்தின் ஓரம், கேமராவுக்கு வசதியான இடமாகப் பார்த்து ஜெனோவாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வெற்றி என்று அவளை இரண்டு விரலை உயர்த்திக் காட்டச் சொன்னார்கள். அவள் காட்டவில்லை.

டாஸ் ஜெயித்த நெல்லைக்கு முதல் ரெய்டு. எல்லோரும் யாரையோ எதிர்பார்க்க, மூலைக்காரி கனி முன்னே வந்தாள். அரங்கம் சலசலத்தது. அவள் நடுக்கோட்டைத் தாண்டினாள்.

"கபடி கபடி கபடி கபடி..."

எதிரணி ஏழு பேரும் கைகோத்து நின்றார்கள். கனி களத்தின் நட்டநடுவில் நின்றாள். வாயை மூடினாள். மூக்கு நிறைய மூச்சு இழுத்தாள்.

பாட்டு நின்றால் அவுட். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. நடுவர் விசில் ஊதினார், கொங்குக்கு ஒரு புள்ளி. கனி களத்தை விட்டு இறங்கி, அவுட் ஆனவர்கள் உட்காரும் நாற்காலி வரிசைக்குப் போனாள். முதல் நாற்காலியைக் கடந்து இரண்டாவதில் உட்கார்ந்தாள்.

"முதல் சீட்ல உட்காரும்மா," என்றார் நடுவர்.

"அது ஆளு இருக்குத சீட்டு, மேடம்."

அடுத்து கொங்கின் முறை. தீபஜோதி கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு வந்தாள். கனி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீபஜோதி பாடினாள், பாடினாள், போனஸ் கோடு வரைக்கும் பாடிக்கொண்டே போனாள். போச்சு, இவள் ஆடப்போகிறாள் என்று கனி பல்லைக் கடித்தாள். தீபஜோதி சக்கர நாற்காலிப் பக்கம் திரும்பினாள். ஜெனோவாவின் காலைப் பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றது.

விசில். நெல்லைக்கு ஒரு புள்ளி. எதிரணியில் ஒருத்தி அவுட் ஆனால் இந்த அணியில் வெளியே இருப்பவளுக்கு உயிர். யார் முதலில் வெளியே போனாளோ அவளுக்கே முதல் உயிர். நடுவர் கனியைப் பார்த்து, களத்துக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கனி நகரவில்லை. "வரிசப்படி கூப்புடுங்க, மேடம். எனக்கு முன்னால போனவ ஜெனோவா. மொதல்ல அவளுக்கு உயிர் குடுங்க."

"அது போன ஆட்டம்மா!"

"அந்த ஆட்டத்துல போன உயிர் இன்னும் வரலியே."

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். எதிர் வரிசையில் தீபஜோதியும் முதல் நாற்காலியைக் காலியாக விட்டு இரண்டாவதில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் நெல்லையிலிருந்து ஒருத்தி பாடிப்போய் வாயை மூடினாள். கொங்கிலிருந்து ஒருத்தி வந்து வாயை மூடினாள். ஆளுக்கொரு பக்கம் பார்த்தவர்கள்தான், ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அரங்கம் மெல்ல மெல்ல அடங்கியது. பெரிய திரையில் பற்பசை விளம்பரம் ஓடியது. முடிந்ததும் கேமரா திரும்பி வந்தது. பெண்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். சோப்பு விளம்பரம் போட்டார்கள். அது முடிந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தார்கள். வர்ணனை செய்தவர்கள் சொல்ல எதுவும் இல்லாமல், கடைசியில் உண்மையைக் கேட்கத் தொடங்கினார்கள். ஒருத்தர் மைக்கைக் கொண்டுவந்து கனியிடம் நீட்டினார். கனி சொன்னாள். கீரைத்தண்டு, மடை, மண், ஊசி, எல்லாம்.

ரகுநந்தன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "எல்லாரோட ஊசியும் கட்! புரியுதா? இந்த நிமிஷத்துலேர்ந்து கட்!"

அப்போது அவர் பின்னால் ஐஸ்பெட்டியோடு ஷர்மிளா வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேரே ஜெனோவாவிடம் போய் மண்டியிட்டார். பல்லால் கடித்து வலது கைக் கையுறையை உருவினார். இரண்டு விரல்கள் வாடிய வெண்டைக்காயாக உள்ளே மடங்கிக் கிடந்தன.

"டாக்டர், உங்க ஒப்பந்தத்தை நினைச்சுப் பாருங்க," என்றார் ரகுநந்தன்.

ஷர்மிளா மைக் இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார். "நான் ஆபரேஷன் பண்றவ. கை வேகமா ஓடணும்னு இந்தக் கையிலயும் அதே உறையைத்தான் போட்டுக்கிட்டேன். உறை வளருதேன்னு ஒரே ஒரு தடவை கேள்வி கேட்டேன். என் ஊசியைத் தள்ளிப் போட்டாங்க. ரெண்டு விரல் போச்சு. மூணு விரல் மிச்சம் இருக்கு, இனி அதுவும் போகும். போகட்டும்."

ஜெனோவாவை முன்னால் சாய வைத்து, இடது கையால், கோணலாக அவள் முதுகுத்தண்டில் ஊசியை ஏற்றினார். படிச்ச கோழை என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது கனிக்கு.

அவளும் தீபஜோதியும் ஜெனோவாவை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கொண்டுவந்து முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் இடது கால் கட்டைவிரல் அது பாட்டுக்குக் கிடந்தது. நேரமாகும் என்றார் ஷர்மிளா. ஜெனோவா அதை முறைத்துக்கொண்டே, "வாடே, வா. ஊரே பாக்குது, மானத்த வாங்காத," என்று அதட்டினாள். கனிக்கு அத்தனை ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

ரகுநந்தன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு கனியிடம் குனிந்தார். குரல் மறுபடி வெண்ணெயாகியிருந்தது. "அதான் போட்டாச்சேம்மா. நீ கேட்டது நடந்திடுச்சு. எழுந்திரு. ஆட்டத்தை முடிச்சுக் குடு."

கனி எழுந்திருக்கவில்லை. முதல் நாற்காலியில் ஜெனோவா, அடுத்து அவள், அப்புறம் ஆறு பேர். எதிரே கொங்கு ஏழு பேர். களத்தில் ஒருத்தரும் இல்லை.

"கபடி நடத்துதிய, விதி தெரியாதா, சார்? ஒருத்தி அவுட் ஆனா ஒருத்திக்கு உயிர். இது ஆல் அவுட். ஆல் அவுட்டுன்னா வெளிய இருக்குத அத்தன பேருக்கும் உயிர் குடுக்கணும். இந்த ஊசி எல்லா ஊரு ஆஸ்பத்திரியிலயும் கெடைக்கணும். டாக்டரம்மா கைக்கும் சேத்து."

"அது நடக்காதும்மா."

ஷர்மிளா உட்கார நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். எதிர் வரிசையில் கொங்குக்காரிகள் காலியாக வைத்திருந்த முதல் நாற்காலியைத் தீபஜோதி தூக்கிவந்து கனியின் வரிசைக் கடைசியில் போட்டாள். பெரிய திரையில் மறுபடியும் பற்பசைக்காரி பல்லைக் காட்டினாள்.

கனி காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தாள். "விளம்பரம் போடுங்க, சார். எத்தன வேணும்னாலும் போடுங்க. முடியட்டும். நாங்க இங்கனதான் இருக்கோம்."